ஆலைக்குப் பின் என்ன? பாலாற்றங்கரையிலிருந்து இரண்டு கோட்பாடுகள்

தொழில்மயத்துக்குப் பிந்தைய சமூகம் என்ற கோட்பாடு ஒரு கணக்கிலிருந்து புறப்பட்டது. அமெரிக்காவில் 1956-இலேயே அலுவலகப் பணியாளர்களின் எண்ணிக்கை ஆலைத் தொழிலாளர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட நாட்டை இனியும் தொழில்மயச் சமூகம் என்று சொல்லலாமா என்று கேட்டார் சமூகவியலாளர் டேனியல் பெல். 1973-இல் வந்த அவருடைய நூலின்படி, பண்ட உற்பத்தியின் இடத்தைச் சேவைத்துறை பிடிக்கும். மூலதனத்தைவிட அறிவுக்கு மதிப்புக் கூடும். விஞ்ஞானிகளும் வல்லுநர்களும் முன்னுக்கு வருவார்கள். அவருக்கு முன்பே, 1969-இல், பிரான்சில் அலென் தூரேன் இதே தலைப்பில் எழுதியிருந்தார். தகவலையும் நிர்வாகத்தையும் கையில் வைத்திருப்போருக்கும் அதற்குள் சிக்கியவர்களுக்கும் இடையிலான மோதலே அவர் கண்ட புதிய சமூகம்.

பின்நவீனத்துவம் இந்தச் சமூகத்தின் மனநிலையைப் பேசியது. கனடாவின் கியூபெக் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவுக்காக பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் எழுதிய அறிக்கை 1979-இல் நூலானது. முன்னேற்றம், விடுதலை, பகுத்தறிவு என்று மனிதகுலம் முழுமைக்கும் வழிசொன்ன பெருங்கதையாடல்கள் நம்பகத்தன்மையை இழந்துவிட்டன என்பது அதன் மையக் கருத்து. கணினிக்குள் புகுந்த அறிவு விற்பனைப் பண்டமாகும் என்றும் அவர் கணித்தார்.

மார்க்சியர்கள் இதை வேறு விதமாகப் படித்தார்கள். பின்நவீனத்துவம் என்பது முற்றிய முதலாளித்துவத்தின் பண்பாட்டு முகமே என்று 1984-இல் எழுதினார் ஃபிரெட்ரிக் ஜேம்சன். டேவிட் ஹார்வி 1989-இல் பொருளாதாரக் காரணத்தைத் தேடினார். 1973-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் முதலாளித்துவம் ஒரே கூரையின்கீழ் நடந்த பேருற்பத்தியைத் தளர்த்தி, துணை ஒப்பந்தம், தற்காலிக வேலை, தொலைதூர உற்பத்தி எனப் பிரித்துக்கொண்டது என்பது அவர் விளக்கம்.

இந்த விளக்கத்தைத் தமிழ்நாட்டில் பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபேட்டை வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கலாம். பக்கத்து ராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் டேனரிகள் பெருகின. பெல்லின் நூல் வெளியான அதே 1973-இல், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, இந்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகு முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும் இங்கிருந்து கப்பலேறின. இங்கிலாந்தின் நார்தாம்டனிலும் ஜெர்மனியின் பிர்மாசென்ஸிலும் ஷூ ஆலைகள் குறைந்துபோன காலமும் ஏறத்தாழ இதுவே. ஆலை மறையவில்லை, இடம் மாறியது.

வடிவமைப்பும் பிராண்டும் விலை நிர்ணயமும் மேலைநாட்டில் நடக்கின்றன. தோலும் தையலும் ஆம்பூரில். ஷூ கம்பெனிகளுக்காகப் பெண்கள் வீட்டிலிருந்தே ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் வழக்கம், ஹார்வி சொன்ன துணை ஒப்பந்தத்தின் கடைக்கோடி. அதே ஷூ, கடைக்கு வந்ததும் பிராண்டின் பெயருக்காகவும் விலைபோகிறது. பொருளின் பயனைவிட அது தரும் அடையாளத்தையே மக்கள் நுகர்கிறார்கள் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் போத்ரியார் 1970-இல் எழுதியது இதைத்தான்.

முன்னேற்றம் என்ற பெருங்கதையாடலும் இங்கே கேள்விக்குள்ளானது. டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என அது அறிவித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வளர்ச்சியைக் கைவிடச் சொல்லவில்லை. நீடித்த வளர்ச்சி என்று அதற்கு வரம்பு கட்டியது.

தமிழில் பின்நவீனத்துவ விவாதம் 1990-களில் சூடுபிடித்தது. அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோரின் 'நிறப்பிரிகை' இதழ் அதைத் தலித் அரசியலோடும் விளிம்புநிலை மக்களோடும் இணைத்தது. மேலைநாட்டில் இது ஆலைக்குப் பிந்தைய களைப்பாகத் தொடங்கியது. இங்கே பெரும் சித்தாந்தங்கள் யாரை விட்டுவிட்டன என்ற கேள்வியாக மாறியது.

இந்தியாவின் உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் சேவைத்துறை தருகிறது. உழைப்பாளர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இன்னும் வேளாண்மையில் இருக்கிறார்கள். வேளாண்மை, ஆலை, சேவை என்ற பெல்லின் படிவரிசை இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. மூன்றும் ஒரே காலத்தில் ஒரே மாவட்டத்தில் நடக்கின்றன. ஆகவே தொழில்மயத்துக்குப் பிந்தைய சமூகம் என்பதை உலகம் முழுதும் ஏறவேண்டிய ஒரு படியாகக் கொள்வதைவிட, உலக வேலைப் பிரிவினையில் சில நாடுகள் பிடித்த இடமாகக் கொள்வதே பொருந்தும்.