பிரேக் விளக்கும் சிறு சுவிட்சும்

முன்செல்லும் மகிழுந்து வேகம் குறைவதைப் பின்வருவோர்க்கு உணர்த்துவது அதன் சிவப்பு நிற பிரேக் விளக்கே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். எனவே, அவ்வறிவிப்பு ஒரு நொடி தவறினும் மோதல் நிகழக்கூடும்.

பெரும்பாலான மகிழுந்துகளில் இவ்விளக்குகளை இயக்கும் சுவிட்ச், பிரேக் மிதியின் மேற்பகுதியை ஒட்டி அமைந்துள்ளது. இயல்பு நிலையில் மிதியின் தண்டு சுவிட்சின் முனையை அழுத்தியிருப்பதால் மின்சுற்று திறந்திருக்கும். மிதியைக் காலால் அழுத்தியதும் அம்முனை விடுபடும். சுற்று மூடப்பட்டு விளக்குகள் ஒளிரும்.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில், பெரும்பாலும் அதன் குமிழே பழுதாகியிருக்கும். அனைத்தும் ஒருசேர எரியாவிடில், முதலில் ஃபியூசையும் அடுத்துச் சுவிட்சையும் சோதித்தல் வேண்டும். காலை எடுத்த பின்னரும் விளக்குகள் அணையாவிடில், சுவிட்ச் பழுதுற்றோ இடம் பிறழ்ந்தோ இருக்கலாம். இதனால் மின்கலம் வலுவிழக்கும். ஓயாது எரியும் விளக்கு, ஊர்தி நிற்கப்போவதையும் அறிவிக்காது.

மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிய பின், பழைய சுவிட்சை நீக்கி, அதே வகைப் புதியதைப் பொருத்தி, மிதிக்கும் அதற்குமான இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இணைப்பை மீண்டும் தந்து, ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் பின்னின்று விளக்குகளைச் சரிபார்த்தல் நன்று. சிறு செலவில் முடியும் இப்பணி, பின்வருவோரின் உயிரையும் காக்கும்.