புரட்டிப் பார்க்க வேண்டிய போர்வை

ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், காய்கறித் தோட்டங்களைத் தாண்டி வருகிறது முத்தோரை பாலாடா. அங்குள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குள் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்துவிட்டு மலையிறங்கும் கூட்டத்தில் இந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என நீலகிரியின் ஆறு தொல்குடிகள் புழங்கிய பொருள்கள் இங்கே உண்டு. கண்ணை முதலில் இழுப்பது தோடர்களின் பூத்துக்குளி என்னும் போர்வை.

வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. தூரத்திலிருந்து பார்த்தால் தறியிலேயே நெய்தது போலிருக்கும். ஆனால் தோடர்கள் நெய்பவர்கள் அல்லர், எருமை மேய்ப்பவர்கள். இரும்புச் சாமானும் மண்பானையும் கோத்தர்களிடமிருந்து வந்தது போல, துணியும் வெளியிலிருந்தே வந்தது. பெண்களின் ஊசி பட்ட பிறகுதான் அது தோடர் துணி ஆகிறது.

இந்தத் தையலுக்கு அவர்கள் மொழியில் புகூர் என்று பெயர். சட்டம் கிடையாது, பென்சிலால் வரைந்துகொள்வதும் கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனைக்குக் கீழே என்று கம்பளி நூலை ஓட்டுகிறார்கள். கணக்குத்தான் கோலம். அதற்காகவே இழை தெளிவாகத் தெரியும் முரட்டுத் துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எருமைக் கொம்பும் முயல் காதும் இப்படி எண்ணி எண்ணியே உருவாகின்றன.

வேடிக்கை என்னவென்றால், தைப்பது துணியின் பின்பக்கத்திலிருந்து. முன்பக்கத்தில் வேலை சற்றே புடைத்து நிற்கும். நூல் திரும்புமிடங்களில் சின்னச் சுருள்களை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியின் குறையும் இதுதான்: ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்காமல் இந்தத் தையல் பிடிபடாது.

விழாவுக்கு ஆணும் பெண்ணும் தோளைச் சுற்றிப் போர்த்துவது பூத்துக்குளியை. இறந்தவர் உடலைச் சுற்றுவதும் அதைக் கொண்டுதான்.

2011 கணக்கெடுப்பில் தோடர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். கைவேலைக்குப் போட்டியாக மெஷின் நகல் வந்த நிலையில், 2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அதே தையல் மேஜை விரிப்பிலும் கைப்பையிலும் பர்ஸிலும் ஏறியிருக்கிறது. பர்ஸ் சின்னதுதான், ஆனால் எண்ணுவதில் சலுகை இல்லை. ஓர் இழை தவறினால் அடுத்த வரிசை கோணிக்கொள்ளும். நூலை உருவிவிட்டு மறுபடி எண்ண வேண்டும்.