பேய் வீட்டுக்கு வாடகை எவ்வளவு?

ஜப்பானியப் பேய்ப் படம் என்றாலே டிவி பெட்டிக்குள்ளிருந்து தவழ்ந்து வரும் கூந்தல்காரிதான் நமக்கு ஞாபகம் வருவாள். 2016 ஜனவரியில் அங்கே திரைக்கு வந்த 'ஸன்-ஏ' வேறு ரகம். இதில் பேயைத் தேடுகிறவர்கள் மந்திரவாதியிடம் ஓடுவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி, "இங்கே முன்னால் யார் குடியிருந்தார்கள்?" என்று விசாரிக்கிறார்கள். படம் முழுக்க இந்த ஒரே கேள்விதான்.

கட்டடக்கலை படிக்கும் மாணவி ஒருத்தி தனியாக வாடகைக்குக் குடிவருகிறாள். இரவில் பாய் பதித்த அறையிலிருந்து சரக்... சரக்... என்று யாரோ பெருக்குகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. பெருக்குவது துடைப்பமல்ல, தூக்கில் தொங்கும் ஒருத்தியின் கிமோனோ இடைக்கச்சை அவிழ்ந்து, அதன் நுனி தரையை உரசி ஆடுகிறது என்று புரியும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ரத்தம் சிந்தாமல், ஒரு துணி நுனியை வைத்தே இப்படிப் பயமுறுத்த முடிகிறது.

வாசகர்கள் அனுப்பும் அமானுஷ்ய அனுபவங்களைக் கதையாக எழுதும் பெண் எழுத்தாளர் ஒருவருக்கு மாணவி கடிதம் போட, இருவரும் துப்பறியக் கிளம்புகிறார்கள். அந்த அறையில் யாரும் சாகவில்லை என்பதுதான் முடிச்சு! முன்பு இருந்தவர் காலி செய்துகொண்டு போய் வேறிடத்தில் உயிரை விட்டிருக்கிறார். அந்தக் குடியிருப்பு எழும்புமுன் அதே மண்ணில் குப்பை மூட்டைகளுக்கு நடுவே வாழ்ந்து மடிந்த ஒரு முதியவர், அவருக்கு முன் இன்னொரு குடும்பம் என்று விசாரணை பின்னோக்கிப் போய், கடைசியில் க்யூஷு தீவில் ஒரு நிலக்கரிச் சுரங்க முதலாளியின் வீட்டு வாசலில் நிற்கிறது. மூலநாவல் 2013-ல் யமாமோடோ ஷுகோரோ பரிசு பெற்றது. படமும் நாவலைப் போலவே அவசரப்படாமல் நகர்கிறது.

வெறும் பொழுதுபோக்குப் படத்தில் இவ்வளவு தேட வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். எனக்கென்னவோ இதில் பேயைவிட வாடகை ஒப்பந்தம்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

தற்கொலை, கொலை நடந்த வீட்டை ஜப்பானில் 'ஜிகோ புக்கென்' என்பார்கள். வாடகை சல்லிசாகக் கிடைக்கும். அப்படிப்பட்ட வீடுகளைத் தீச்சுடர்க் குறி போட்டு வரைபடத்தில் காட்டும் இணையதளமே உண்டு. 2021 அக்டோபரில் அரசு ஒரு வழிகாட்டு நெறி வகுத்தது. வாடகை வீடு என்றால் சுமார் 3 வருடம் வரை புதிதாக வருபவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதுமையில் இயல்பாக வந்த சாவைப் பொதுவாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உடல் நாள்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்து, வீட்டை விசேஷமாகச் சுத்தம் செய்ய நேர்ந்திருந்தால் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் என் கவலை. 2024-ல் மட்டும் ஜப்பானில் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்தவர்கள் 76,020 பேர் என்கிறது போலீஸ் கணக்கு. நான்கில் மூன்று பங்குக்கு மேல் 65 வயது தாண்டியவர்கள். வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? 'இந்தப் பெரியவர் இங்கே செத்துக் கிடந்தால் என் அறைக்கு அடுத்து யார் வருவார்?' என்றுதானே! விளைவு, தனியாக வாழும் வயதானவர் வாடகைக்கு வீடு கேட்டால் கதவு திறப்பதில்லை. செத்தபின் பேயாக வருவார் என்ற பயத்தில், உயிரோடு இருக்கும்போதே மனிதரை விரட்டுகிறார்கள். படத்தில் வரும் அந்தக் குப்பை வீட்டு முதியவரைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதே யோசனை.

இத்தனைக்கும் அங்கே வீட்டுக்குப் பஞ்சமில்லை. 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் சுமார் 90 லட்சம்.