பெயர் வேண்டாம், அளவு வேண்டும்!

"நைலான் கயிறு கொடுங்கள்" என்று திருவண்ணாமலைக் கடைத்தெருவில் கேளுங்கள், உடனே கிடைக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி போக நனைத்து, தண்ணீருக்குள் அமுக்கி விட்டுப் பாருங்கள். மேலே வந்து மிதக்கிறதா? அப்படியானால் அது நைலான் அல்ல, பாலிஎதிலீனோ பாலிபுரொப்பிலீனோதான்! அவை தண்ணீரைவிட இலேசு. நைலானின் எடையோ கன சென்டிமீட்டருக்கு 1.14 கிராம். அது மூழ்கியே தீரும்.

கயிறு மிதந்தால் என்ன, மூழ்கினால் என்ன என்று கேட்பீர்கள். குப்பை பொறுக்கிப் பிழைப்பவனின் கூலி அதில் இருக்கிறது என்கிறோம் நாம்.

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம். கார்த்திகைத் தீபத்தன்றோ கேட்கவே வேண்டாம்! வெள்ளம் வடிந்த காலையில் துடைப்பத்தோடு நிற்பவர் துப்புரவுத் தொழிலாளர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. ஆயினும் குவியல் மறைந்துவிடவில்லை. கயிறு, நூல், பை, உறை எல்லாம் கலந்து கிடக்கின்றன. எண்ணெய், இறைச்சி அடைக்கும் பல அடுக்கு உறைகள் சிலவற்றில் ஓர் அடுக்கு நைலான். கலந்த பொருளுக்குச் சந்தையில் என்ன விலை? அடிமட்ட விலை!

ஆனால் நைலான் மலிவான சரக்கல்ல. நைலான்-6 என்ற வகையைத் தக்க வெப்பத்தில் இரசாயன முறையில் பிரித்தால், அது பிறந்த மூலப்பொருளான காப்ரோலாக்டம் திரும்பக் கிடைக்கும். அதிலிருந்து புது நைலான் செய்யலாம். ஸ்லோவேனியா நாட்டின் லுப்லியானா நகரில் 2011 முதல் பழைய மீன்வலைகளையும் கம்பளங்களையும் கொண்டு இதைச் செய்கிறார்கள். அதே நைலான், பிளாஸ்டிக்கைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைக்குள் தெரியாமல் புகுந்தாலோ, அம்மோனியாவும் நச்சுவாயுவும் கிளம்பும், எண்ணெயும் கெடும். ஓரிடத்தில் செல்வம், மற்றோரிடத்தில் தொல்லை! ஆகவேதான் எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே அளக்கவேண்டும்.

தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது. பாலியஸ்டரும் மூழ்கும் அல்லவா? துப்பு நைட்ரஜனில் இருக்கிறது. நைலான்-6-இன் எடையில் 12.4 சதவிகிதம் நைட்ரஜன். பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன், பாலியஸ்டர் எதிலும் அது இல்லை. பாலிலும் தானியத்திலும் புரதம் அளக்க டென்மார்க்கின் கெல்டால் 1883-இல் கண்ட முறையே இங்கும் உதவும். கழுவி உலர்த்திய மாதிரியில் 2.48 சதவிகிதம் நைட்ரஜன் இருந்தால், நைலான் ஏறக்குறைய 20 சதவிகிதம். சோற்றுப் பருக்கையிலும் பாலியூரிதேன் நுரையிலும் நைட்ரஜன் உண்டு. எனவே கழுவுவது கட்டாயம், அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையால் உறுதி செய்வதும் அவசியம். உருகுநிலை பார்த்தால் வகையும் தெரியும்: நைலான்-6 சுமார் 220 டிகிரியில் உருகும், நைலான்-66 சுமார் 260 டிகிரியில்.

இதற்கு வானளாவிய ஆலை வேண்டாம். ஒரு கல்லூரி வேதியியல் கூடமும் பொறுமையுள்ள மாணவர் நால்வரும் போதும். 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலை இதைத் தொடங்கட்டும். குவியலுக்குக் குவியல் மாதிரி எடுக்கட்டும். அளவை எழுதிப் பலகையில் போடட்டும். அந்த அளவின்படி விலை கேட்கட்டும். கிடைக்கும் கூடுதல் பணத்தில் பங்கு, குனிந்து பொறுக்கியவர் கைக்குச் சேரட்டும்.

அளவு தெரியாத பண்டத்தில் கொள்ளை இலாபம் இடைத்தரகனுக்கு. அளவு தெரிந்த பண்டத்தில் நியாயம் உழைப்பவனுக்கு. எது வேண்டும் நமக்கு?