ஹெபடைட்டிஸ் பி: தட்டைப் பிரிக்க வேண்டாம், அட்டையைக் கேட்போம்

ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வரும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் கெலவரப்பள்ளி போன்ற ஊர்களில் நம் பள்ளிகளில் சேர்கின்றனர். அவர்களில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்று எனத் தெரிந்தால், 'காமாலை ஒட்டிக்கொள்ளும்' என்று மதிய உணவுத் தட்டைப் பிரித்து வைக்கச் சொல்வோர் உண்டு.

காமாலை எல்லாம் ஒன்றல்ல. அசுத்தமான நீர், உணவு வழியே பரவுபவை ஏ, இ வகைகள். பி வைரஸ் இரத்தம், உடல் திரவங்கள் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் பரவும். சேர்ந்து உண்பதால் பரவாது.

பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிறது. பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அறிகுறியின்றிப் பல ஆண்டுகள் இருந்து, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை செல்லலாம். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசி. பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட். வீட்டுப் பிரசவத்திலும் இடப்பெயர்விலும் இவை விடுபடலாம்.

சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். அட்டை இல்லையெனில், பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பெற்றோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். யாருக்குக் காயம்பட்டாலும் கையுறை அணிந்தே இரத்தத்தைத் துடையுங்கள். தொற்றுள்ள மாணவரின் விவரம் வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.