உங்களுக்குத் தெரியுமா? மதூஷ் வேட்டை
போதைப்பொருள் ஏற்றிவரும் பலநாள் மீன்பிடிப் படகுகளை ஆழ்கடலில் மடக்குவது இலங்கைக் கடற்படையின் வேலைகளில் ஒன்று. பிடிபடுவோர் பெரும்பாலும் படகோட்டிகள். முதலாளிமார் பலர் கடலிலும் இல்லை, கரையிலும் இல்லை!

அப்படிப்பட்ட முதலாளிகளில் ஒருவரான பாதாள உலகத் தலைவன் மாகந்துரே மதூஷ் பதுங்கியிருந்தது டுபாயில். 2019 பெப்ரவரி 5 அன்று, ஹோட்டல் விருந்தொன்றின் நடுவே டுபாய்ப் பொலிஸார் அவரை வளைத்துப் பிடித்தனர். மே 5 அன்று நாடு கடத்தப்பட்டு விமானத்தில் கொழும்பு வந்து சேர்ந்தார்.

2020 ஒக்டோபர் 20 அதிகாலை, ஒளித்துவைத்த போதைப்பொருளைத் தேடி மாளிகாவத்தைக்குக் கூட்டிச்சென்றபோது சூடுபட்டு இறந்தார். துப்பாக்கிச் சண்டையில் சிக்கினார் என்றது பொலிஸ். கடல்கடந்து தேடிப் பிடித்த ஆள் இலங்கையில் காவலில் இருந்தது பதினேழரை மாதம்தான்.