வாயிலோன் கேட்ட வார்த்தை

பிரியாவிடை வைபவம் நடத்துவதில் நம் கலாசாலைகள் குறை வைப்பதில்லை. மாலை உண்டு, வாழ்த்துமடல் உண்டு, தேநீர் விருந்தும் குழுப்படமும் உண்டு. விலகுபவரின் பெருமைகளைப் பலரும் எடுத்தியம்புவர். ஆயின், "நீர் ஏன் செல்கின்றீர்?" என்று வினவுவார் ஒருவருமிலர்.

பெரிய நிறுவனங்களிலே, பணியை விட்டு நீங்குவோரைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டறியும் வழக்கம் உண்டு. அதனை விலகல் நேர்காணல் என்பர். வழக்கம் புதிதாயினும் அதன் தேவை மிகப் பழையது. புறநானூற்றின் 206 ஆம் பாட்டை நோக்குக. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலந்தாழ்த்தியபோது ஔவையார் புறப்படத் துணிந்தார். தம் மனக்குறையை அவர் எடுத்துரைத்தது மன்னனிடமன்று, வாயில் காப்போனிடம். 208 ஆம் பாட்டிலே பெருஞ்சித்திரனார், அதே அதியமான் தம்மைக் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கின்றார். தகுதியறிந்து பேணித் தருவதாயின் தினையளவும் இனிது என்பது அவர் கருத்து. புலவர் ஊழியரல்லர் என்பது மெய்யே. எனினும், பொருட்குறையினும் பொருட்படுத்தாமையே மனிதரைப் பெரிதும் வருத்தும் என்பதற்கு இவ்விரு பாட்டுக்களும் சான்று.

இப்பாட்டுக்களை நெடுங்காலம் கற்பித்த நான், அவற்றின் பொருளைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து, எங்கள் கலாசாலையிற் கணிதம் கற்பித்த இளைஞர் ஒருவர் பதவி விலகினார். கடிதத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்றிருந்தது. சம்பளம் போதவில்லை என நாங்களே முடிவு கட்டினோம். வாழ்த்துரை வழங்கியவனும் நானே.

அன்று மாலை வாயிற்காவலர் என்னை நிறுத்தினார். "பண்டிதர் ஐயா, அந்தத் தம்பி காசுக்காகப் போகேல்லை. மூன்று வருசமாய் ஒருத்தரும் தன்ரை வகுப்பை எட்டிப் பார்க்கேல்லையாம். நேரசூசியை மாத்தேக்கையும் தன்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லையாம்" என்றார்.

நேரசூசியைத் தயாரித்தவன் நான்.

அதன்பின், விலகுவோர் ஒவ்வொருவருடனும் ஒரு நாழிகையேனும் இருந்து பேச அதிபரிடம் அனுமதி பெற்றேன். அனுபவத்தாற் கண்டவை சில. நற்சான்றுப் பத்திரத்தை முதலிற் கையிற் கொடுத்துவிடல் வேண்டும். அது மேசைமேல் இருக்கும்வரை உண்மை வெளிவராது. எவர்மீது குறையுண்டோ அவர் கேட்பவராய் இருத்தலாகாது. நேரசூசி பற்றிய பேச்சுக்கு வேறோர் ஆசிரியரை அமர்த்தினோம். மறுமொழி கூறி வாதாடுதல் கூடாது. சொன்னவர் பெயரை மறைத்து, சொன்ன குறையை மாத்திரம் அதிபரிடம் சேர்த்தல் வேண்டும். குறை தீராதவிடத்துக் கேட்டது வெறும் சடங்கேயாகும்.

இப்பொழுது நேரசூசியின் முதற்படியை ஆசிரியர் அனைவரும் பார்வையிட்ட பின்னரே முடிவு செய்கின்றோம். இதனாற் சென்ற இளைஞர் திரும்பிவரப் போவதில்லை. ஆயினும், ஒரு வினா என்னை உறுத்திக்கொண்டே இருந்தது: போகின்றவரிடம் கேட்பதை இருக்கின்றவரிடம் கேட்டால் என்ன? சென்ற தவணையில், புதிதாய் வந்த ஆசிரியை ஒருவரின் வகுப்பிலே பின்வாங்கில் அமர்ந்து ஒரு பாடம் முழுவதும் கேட்டேன். முடிவில், "உமக்கு இங்கே என்ன குறை, பிள்ளை?" என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். பின்பு சொல்லத் தொடங்கினார்.